பொறுமை என்னும் புகழுரை: ழாக் ரூமேனின் புதினமும் ஹெய்ட்டி மக்களின் வாழ்வும்

கரீபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டைப் பற்றி உலகம் பேசும்பொழுது இரண்டு சொற்கள் மாறிமாறி வருவதைக் காண்கிறோம். ஒன்று சாபம், மற்றொன்று பொறுமை. நிலநடுக்கம், புயல், கொள்ளைநோய், ஆட்சிக் கவிழ்ப்பு என்று அடுக்கடுக்காகத் துன்பங்கள் வருவதைக் கண்டோர், 'இது சபிக்கப்பட்ட மண்' என்கின்றனர். அத்துன்பங்களுக்கு நடுவிலும் மக்கள் சந்தை கூட்டுவதையும் வழிபாட்டில் பாடுவதையும் கண்டோர், 'எத்தனை அடி விழுந்தாலும் தாங்கும் மக்கள்' என்று வியக்கின்றனர். முன்னது பழிப்பு, பின்னது பாராட்டு. ஆயினும் இரண்டும் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் ஒன்றே. சபிக்கப்பட்டவர்க்கு எவரும் எதுவும் செய்ய இயலாது. தாங்கிக்கொள்பவர்க்கு எவரும் எதுவும் செய்யத் தேவையில்லை.

இவ்விரு சொற்களையும் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு புதினம் உரைத்துப் பார்த்திருக்கிறது. ழாக் ரூமேன் என்னும் ஹெய்ட்டி எழுத்தாளர் பிரெஞ்சு மொழியில் எழுதிய அதன் தலைப்பு, 'பனித்துளியை ஆள்வோர்' எனப் பொருள்படும். 1907இல் தலைநகரான போர்ட்டோ பிரின்சில் வசதி படைத்த குடும்பத்தில் பிறந்த ரூமேன், 1934இல் தம் நாட்டில் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்தார். சிறைவாழ்வும் நாடுகடந்த வாழ்வும் கண்டார். 1944இல் தம் முப்பத்தேழாம் வயதில் காலமானார். புதினம் அவர் மறைந்தபின் அதே ஆண்டில் வெளிவந்தது. 1947இல் லாங்ஸ்டன் ஹியூஸ், மெர்சர் குக் ஆகிய இருவரும் அதை ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தனர். பேரிடரோடும் தடைப்பட்டுப்போன முன்னேற்றத்தோடும் எளிய மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று எண்ணிப் பார்க்க விழைவோர் இந்நூலை இன்று மீண்டும் எடுத்துப் படிப்பது தகும்.

கதையும் அதன் கருவும்

ஃபோன் ரூழ் என்னும் சிற்றூர் வறட்சியில் கிடக்கிறது. மூதாட்டி தெலிரா புழுதியில் கைவைத்து, எல்லாரும் சாகப்போகிறோம் என்று புலம்புவதோடு கதை தொடங்குகிறது. அவள் கணவர் பியனெமேக்கும் நம்பிக்கை அற்றுப்போய்விட்டது. இந்நிலையில் கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் பதினைந்து ஆண்டுகள் உழைத்த அவர்களின் மகன் மானுவேல் ஊர் திரும்புகிறான். அங்கே வேலைநிறுத்தத்தின் பொருளை அறிந்துவந்தவன் அவன். ஊரின் வறட்சி வானத்திலிருந்து மட்டும் வந்ததன்று, மலைகளில் மரம் வெட்டியதனாலும் வந்தது என்று அவன் எடுத்துச் சொல்கிறான். ஊரோ இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நிலத்தகராறில் ஏற்பட்ட பழைய கொலை ஒன்று இரு கிளைகளையும் முகம் பாராதபடி செய்திருக்கிறது. எதிர்க்கிளைப் பெண்ணான அன்னாயீசை மானுவேல் நேசிக்கிறான்.

மலையில் ஓர் ஊற்றை மானுவேல் கண்டுபிடித்து, அதை அன்னாயீசுக்குக் காட்டுகிறான். ஆனால் அந்நீரை ஊருக்குக் கொண்டுவர வாய்க்கால் வெட்ட வேண்டும். அதற்கு இரு கிளையாரும் சேர்ந்து உழைக்க வேண்டும். ஒருவர் வயலில் ஊரே கூடி உழைக்கும் 'கோம்பித்' என்னும் பழைய வழக்கத்தைப் புதுப்பிக்க அவன் முயல்கிறான். பகையும் பொறாமையும் கொண்ட ழெர்விலேன் இருளில் அவனைக் குத்திவிடுகிறான். சாகும் தறுவாயில் மானுவேல் தாயிடம் கேட்பது ஒன்றே: கொன்றவனின் பெயரை வெளியிடாதே, எதிர்க்கிளையின் பெரியவரிடம் சென்று சமாதானம் பேசு. தெலிரா, மகன் காய்ச்சலில் இறந்தான் என்று ஊருக்குச் சொல்கிறாள். இறுதியில் இரு கிளையாரும் கூடி வாய்க்கால் வெட்ட, நீர் வருகிறது. அன்னாயீசின் வயிற்றில் மானுவேலின் குழந்தை வளர்கிறது.

மானுவேல் என்பது இம்மானுவேல் என்பதன் சுருக்கம் என்பதும், மகனைப் பறிகொடுத்த தாயின் தோற்றமும், ஒருவனது சாவினால் பிளவுண்டோர் ஒன்றாவதும் நம் வாசகர்க்கு எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ரூமேனை அவசரப்பட்டுத் திருமுழுக்குக் கொடுத்து நம்மவராக்கிக் கொள்வது நேர்மையாகாது. அவர் மார்க்சியவாதி. கிறிஸ்துவின் பாடுகளின் சாயலை அவர் எடுத்தாள்வது, மீட்பு மண்ணில் மனிதக் கைகளால் நிகழ வேண்டும் என்று வற்புறுத்துவதற்காகவே. அந்த வற்புறுத்தலை எதிர்கொள்ளாமல் சாயலை மட்டும் ரசிப்பது, நூலின் முள்ளை ஒடித்துவிட்டுப் பூவை முகர்வதற்கு ஒப்பாகும்.

அடங்கிப்போதலும் நம்பிக்கையும்

நூலின் மைய விவாதம், தாய்க்கும் மகனுக்கும் இடையே நடக்கிறது. தெலிரா கடவுளையும் புனிதரையும் முன்னோர் தெய்வங்களையும் ஒருசேர அழைப்பவள். மானுவேல் அவள் பத்திமையை எள்ளுவதில்லை. தான் திரும்பி வந்தமைக்கு நன்றியாக நடக்கும் வூடு சடங்கில் அவனும் கலந்துகொள்கிறான். அங்கே ஆடவும் செய்கிறான். ஆனால் விண்ணின் காரியம் வேறு, மண்ணின் காரியம் வேறு. மண்ணின் காரியத்தை மனிதர்தாம் செய்ய வேண்டும் என்பது அவன் வாதம். துன்பத்தை விதியென்று ஏற்று அடங்கிப்போவதையே அவன் கண்டிக்கிறான்.

அடங்கிப்போதல் யாருக்கு ஆதாயம் என்பதையும் நூல் மறைக்கவில்லை. இலாரியோன் என்னும் ஊர்க்காவல் அதிகாரி மக்களின் வறட்சியை ஆவலோடு கவனித்துக்கொண்டிருக்கிறான். அவர்கள் கடன்பட்டு, சலித்து, ஊரை விட்டு ஓடினால் நிலம் அவன் கைக்கு வரும். பேரிடர் எல்லார்க்கும் பேரிடராக இருப்பதில்லை. சிலருக்கு அது அறுவடைக்காலம். ரூமேன் இதை ஒரு சிற்றூர் அதிகாரியின் உருவில் காட்டிவிடுகிறார்.

கொலையை மறைக்கும் செயலைப் பற்றித் திறனாய்வாளர் தயங்காது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒற்றுமைக்காக உண்மையைப் புதைப்பது அறமா? ஒப்புரவு என்பது உண்மையை ஏற்றபின் வருவது என்று நாம் கற்றிருக்கிறோம். பொய்யின்மேல் எழுப்பிய சமாதானம் நிலைக்குமா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. ஆனால் மானுவேல் ஏன் அப்படிக் கேட்டான் என்று நோக்கினால் நூலின் ஆழம் புலப்படும். பெயர் வெளிப்பட்டால் இலாரியோன் நுழைவான், பழிக்குப் பழி தொடரும், நீர் வராது. அந்த ஏழைகளுக்கு நீதிமன்றத்திற்குச் செல்லும் வழியில் கொள்ளையனே காவலனாக நிற்கிறான். ஆகவே தெலிராவின் பொய், அவளது அறக்குறை என்பதைவிட, உண்மை பேச இடந்தராத ஆட்சியின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு என்றே நாம் கொள்கிறோம்.

திருச்சபைமேல் விழும் வெளிச்சம்

மானுவேலின் அடக்கத்தின்போது முறையான குருவானவர் வருவதில்லை. இலத்தீன் மன்றாட்டுகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் நாட்டுப்புறச் செபக்காரர் ஒருவர் வந்து, சடங்கை விரைந்து முடித்துச் செல்கிறார். இப்பகுதியைப் படிக்கும் கத்தோலிக்கருக்கு உள்ளம் உறுத்தும். உறுத்தவும் வேண்டும். ஏனெனில் இதன் பின்புலத்தில் ஒரு வரலாறு உண்டு.

1941-42ஆம் ஆண்டுகளில் ஹெய்ட்டித் திருச்சபை, அரசின் துணையோடு, மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் ஒன்றை நடத்திற்று. அன்றைய குருக்களில் பெரும்பாலோர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். வூடு வழிபாட்டிடங்கள் இடிக்கப்பட்டன, முரசுகள் எரிக்கப்பட்டன, புனிதமெனக் கருதப்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன, முன்னோர் வழிபாட்டைக் கைவிடுவதாக உழவர்கள் ஆணையிட வேண்டியிருந்தது. ரூமேன் 1942இல் இதை எதிர்த்து எழுதினார். உழவருக்கு வேண்டியது கல்வியும் மருத்துவமும் என்றும், ஒழிக்க வேண்டியது வறுமையையே என்றும் அவர் வாதிட்டார். காய்ச்சலுக்கு மருந்தில்லாத இடத்தில் மந்திரத்தைத் தடைசெய்வதனால் பயன் என்ன என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் சாரம்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் அக்கேள்வி திருச்சபைக்குள்ளேயே ஒலித்தது. 1983 மார்ச்சில் ஹெய்ட்டிக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இங்கே ஏதோ ஒன்று மாறியே ஆக வேண்டும் என்னும் கருத்தை அந்நாட்டின் சர்வாதிகாரி கேட்கும்படியே அறிவித்தார். 'சிறு திருச்சபை' என்று மக்கள் அழைத்த அடித்தளக் குழுக்கள் ஊர்தோறும் கூடின. நம் பங்குகளின் அன்பியங்களுக்கு உறவுமுறையான அக்குழுக்களில் மறைநூலும் நிலமும் கூலியும் ஒருசேரப் பேசப்பட்டன. கத்தோலிக்க வானொலியான 'ரேடியோ சொலேய்' மக்கள் மொழியான கிரயோலில் பேசிற்று. 1986 பிப்ரவரி 7ஆம் நாள் துவாலியே ஆட்சி வீழ்ந்ததில் இவற்றின் பங்கு பெரிது. மானுவேல் கேட்ட கேள்வியை இறைமக்களும் கேட்கலாயினர் என்பதே இதன் பொருள்.

புதினம் காணாத வாய்க்கால்கள்

ரூமேனின் நூலில் நமக்குக் குறையாகப் படுவது, தீர்வின் எளிமை. ஊற்று இருக்கிறது; ஒற்றுமை வருகிறது; நீர் பாய்கிறது. ஆனால் ஓர் ஊரின் ஒற்றுமைக்கு எட்டாத கைகள் அந்நீரின் தலைமடையில் இருந்தால் என்ன செய்வது? ரூமேனின் மறைவிற்குப் பிந்திய ஹெய்ட்டி வரலாறு இக்கேள்வியை ஓயாது எழுப்புகிறது.

முதலில் பழைய கடனை நினைவுகூர்வோம். 1804இல் அடிமைத்தளையை உடைத்து விடுதலை பெற்ற அந்நாட்டிடம், தன் குடியேற்றக்காரர்கள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்கு தர வேண்டுமென 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை நிறுத்திக் கேட்டது. 1838இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதற்கென வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை தொடர்ந்தது. விடுதலை பெற்ற அடிமைகள் தங்கள் விலையைத் தாங்களே செலுத்தினர். பள்ளிக்கும் சாலைக்கும் ஆக வேண்டிய பொருள் அவ்வாறே வெளியேறிற்று.

அடுத்து அணை. 1956இல் அர்த்திபோனீத் ஆற்றின் குறுக்கே பெலீக்ரு அணை எழுந்தது. வளமான பள்ளத்தாக்கு மூழ்க, அங்கிருந்த உழவர்கள் வறண்ட மேட்டில் ஏறிக் குடியேறினர். நீரும் மின்சாரமும் வேறெங்கோ சென்றன. ஃபோன் ரூழ் நீரின்றி வாடியது. இவர்களோ நீராலேயே ஏழைகளாயினர். முன்னேற்றம் என்ற பெயரில் வந்ததே இவர்களுக்குப் பேரிடராயிற்று.

பின்னர் அரிசி. 1995இல் இறக்குமதி அரிசிமீதான தீர்வை 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியம் பெற்ற அரிசி சந்தையை நிரப்ப, அர்த்திபோனீத் பள்ளத்தாக்கின் நெல் உழவர் நொடித்தனர். இக்கொள்கை தம் நாட்டின் சில உழவர்க்கு நன்மை செய்திருக்கலாம், ஹெய்ட்டிக்கு அது தவறாகவே முடிந்தது என்று முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் 2010 மார்ச்சில் செனட் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளுதல் நன்று, நிலத்தை விட்டுத் தலைநகரின் சரிவுகளில் நெருக்கியடித்துக் குடிசை போட்டவர்களுக்கு அது மிகக் காலங்கடந்து வந்தது.

ஏனெனில் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2010 ஜனவரி 12ஆம் நாள் மாலையில், 7.0 அளவுள்ள நிலநடுக்கம் அச்சரிவுகளைச் சரித்துவிட்டது. இறந்தோர் தொகையைப் பற்றிய மதிப்பீடுகள் ஒரு இலட்சம் முதல் மூன்று இலட்சம் வரை வேறுபடுகின்றன. எண்ணிப் பார்க்கக்கூட ஓர் அமைப்பு இல்லாத நிலையில் அம்மக்கள் மாண்டனர் என்பதே இவ்வேறுபாட்டின் கொடுமை. பேராலயம் இடிந்தது, பேராயர் ஜோசப் செர்ழ் மியோவும் உயிரிழந்தார். அடுத்த மாதமே சிலி நாட்டில் 8.8 அளவுள்ள, பன்மடங்கு வலிய நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கே இறந்தோர் ஏறத்தாழ ஐந்நூறு பேர். மண் இரு நாடுகளிலும் அசைந்தது. கட்டட விதியும் அதைக் காக்கும் ஆட்சியும் ஒரு நாட்டில் இருந்தன, மற்றதில் இல்லை. சாபம் என்று சொல்வோர்க்கு இதற்குமேல் மறுமொழி வேண்டுவதில்லை.

ஆயினும் சொன்னார்கள். அந்நாட்டு மக்களின் முன்னோர் அலகையோடு உடன்படிக்கை செய்தனர் என்று ஓர் அமெரிக்கச் சமயப் பேச்சாளர் தொலைக்காட்சியில் விளக்கமளித்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவர் கேட்ட கேள்வி அவருக்கு நினைவில் இல்லை போலும். நிலநடுக்கத்தின்போது போர்ட்டோ பிரின்சில் இருந்த எழுத்தாளர் தனி லாஃபெரியேர், சாபம் என்ற அச்சொல்லை அப்பொழுதே கடுமையாக மறுத்தார். அந்நாட்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்புநூலில், பேரழிவின் நடுவே சுவரில் சாய்ந்து சில மாம்பழங்களைப் பரப்பி விற்கும் ஒரு பெண் வருகிறாள். அவளை அவர் வீராங்கனையாக்கவில்லை. அவள் விற்கிறாள், அவ்வளவே. அந்த அடக்கமே அக்குறிப்பின் நேர்மை.

கட்டி முடியாத வீடுகள்

உதவி வந்தது, பெருந்தொகையாகவே வந்தது. ஆனால் அதில் மிகச் சிறு பங்கே ஹெய்ட்டி அரசின் கைக்கோ உள்ளூர் அமைப்புகளின் கைக்கோ சென்றது. நிலநடுக்கம் தாக்காத வடபகுதியில், கரக்கோல் என்ற இடத்தில், விளைநிலங்களை எடுத்து 2012இல் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. அறுபதாயிரம் பேருக்கு வேலை என்றனர். பத்தாண்டுகள் கழிந்தும் அவ்வெண் எட்டப்படவில்லை. இடிந்த தலைநகரப் பொது மருத்துவமனையும் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் கட்டி முடிக்கப்படாமலே நின்றது.

2010 அக்டோபரில், அந்நாடு நூறாண்டுகளாகக் காணாத காலரா பரவிற்று. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததே அதன் தோற்றுவாய் என்று ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டபின், 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் பான் கீ மூன் மன்னிப்புக் கோரினார். ரூமேன் உயிரின் அடையாளமாகப் பாடிய நீரே அர்த்திபோனீத் கரையில் சாவைச் சுமந்து வந்தது. 2018இல் இளைஞர்கள் வீதிக்கு வந்து, வெனிசுவேலாவின் 'பெட்ரோகரீபே' எண்ணெய்த் திட்டத்தால் கிடைத்த பணம் எங்கே என்று கேட்டனர். 2021இல் அதிபர் கொலையுண்டார். அடுத்த மாதமே தென்பகுதியில் மற்றொரு நிலநடுக்கம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆயுதக் கும்பல்களுக்கு அஞ்சி நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோர் தொகை 2025 தொடக்கத்தில் பத்து இலட்சத்தைக் கடந்திருந்தது.

பொறுமையின் உட்பொருள்

இத்தனைக்கும் நடுவில் மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? நம் ஊர்ப் பெண்கள் போடும் சீட்டைப் போன்றே, 'சோல்' என்ற முறையில் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து முறைவைத்து எடுத்துக்கொள்கின்றனர். 'மதன் சாரா' எனப்படும் வணிகப் பெண்கள் மலையூர்களின் விளைச்சலைச் சுமந்து நகரச் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர். ஒரே முற்றத்தைச் சூழ்ந்து வாழும் உறவினர் ஓர் உலையில் பல வயிறுகளை நிரப்புகின்றனர். கடல்கடந்து சென்ற பிள்ளைகள் அனுப்பும் பணம் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. 2010இல் இடிபாடுகளிலிருந்து முதலில் உயிர்களை மீட்டவை, வெளிநாட்டுக் கருவிகள் வந்து சேருமுன் நீண்ட அண்டைவீட்டாரின் வெறுங்கைகளே.

இவற்றை வியப்பதில் தவறில்லை. ஆனால் இவை பிறவிக் குணங்கள் அல்ல. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யாததால், மக்கள் தம் உடலையும் உறக்கத்தையும் செலவிட்டு நடத்தும் ஏற்பாடுகள் இவை. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் பெண்கள். ஹெய்ட்டி எழுத்தாளர் பலர் 'தாங்கும் திறன்' என்ற புகழுரையைக் கேட்டுச் சலித்து அதை மறுப்பதன் காரணமும் இதுவே. புகழ்பவர் தம் கடனைத் தள்ளுபடி செய்துகொள்கிறார்.

இந்த ஒளியில் ரூமேனின் நூலை மீளப் பார்த்தால், தனி நாயகனே ஊரை மீட்கிறான் என்று அதன்மேல் சொல்லப்படும் குறை ஓரளவு தளர்கிறது. நீரைக் கண்டவன் மானுவேல். எனினும் அது வருமுன் அவன் இறந்துவிடுகிறான். சமாதானத்தைச் சுமந்து எதிர்வீட்டுக்குச் செல்பவள் தெலிரா. ஊற்றின் இடம் அறிந்தவள் அன்னாயீசு. வாய்க்காலை வெட்டுவோர் இரு கிளை உழவர். எல்லாரும் சாகப்போகிறோம் என்று புழுதியில் கைவைத்த அதே மூதாட்டி, தன் துயரத்தை விழுங்கி, ஊரை ஒன்றாக்குகிறாள். அடங்கிப்போதல் வேறு, பொறுமை வேறு என்பதை மானுவேலின் பேச்சைவிடத் தெலிராவின் நடை நமக்கு உணர்த்துகிறது. பொறுமை என்பது காத்திருத்தல் மட்டுமன்று. மண்வெட்டி பிடிக்கும் கை சோராதிருத்தலும் அதுவே.

எங்கேனும் பேரிடர் நிகழ்ந்தால் நம் பங்குகளிலும் ஞாயிறு திருப்பலியில் காணிக்கை எடுக்கிறோம், இறந்தோருக்காக மன்றாடுகிறோம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் காணிக்கைத் தட்டு கடந்துசென்ற பின், நம் நெஞ்சில் எழும் முதற்சொல் எது என்று கவனிப்போம். 'பாவம், அவர்கள் தலைவிதி' என்பதானால் சீலோவாம் கோபுரத்தை நினைப்போம். 'எவ்வளவு பொறுமைசாலிகள்' என்பதானால், அப்பொறுமையின் விலையை யார் செலுத்துகிறார், யார் வாங்கிக்கொள்கிறார் என்று கேட்போம். ரூமேனின் புதினம் நம்மிடம் இரக்கத்தை வேண்டவில்லை. வாய்க்காலின் தலைமடையில் நிற்பவர் யார் என்று பார்க்கச் சொல்கிறது.